‘காட்’ தமிழ்ச் சொல்லா? கட்டிலின் ‘இல்’ எங்கே போனது

‘ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்’ என்றொரு பட்டியல் வாட்ஸாப்பில் அடிக்கடி சுற்றி வரும். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’ ஆனது என்று மூன்று வரி. அவற்றில் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த வரி, ‘கட்டில் – காட் (cot)’. பார்த்தவுடன் நம்பத் தோன்றும். பொருள் ஒன்று, ஒலியும் ஏறத்தாழ ஒன்று.

அதே ‘காட்’ வேறு விதமாகவும் ஆளைக் குழப்பும். லண்டனில் தங்கும் விடுதிக்கு முன்பதிவு செய்கிறவர், பாட்டிக்கு ஒரு கட்டில் கூடுதலாக வேண்டும் என்று நினைத்துக் ‘காட்’ என்ற பெட்டியில் டிக் அடித்துவிடுகிறார். அறைக்குப் போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில் நிற்கும். விடுதிக்காரர் மேல் தப்பில்லை. அவர் ஊரில் ‘காட்’ என்றால் அதுதான்.

பொருள் குழப்பம், வேர் குழப்பம் இரண்டுக்கும் விடை அந்தச் சொல் பயணம் போன வழியில் இருக்கிறது. முதலில் பொருள்.

ஒரே சொல், மூன்று கட்டில்

1. இந்தியாவில் ‘காட்’ என்றால் கட்டில். அளவு ஒரு பொருட்டில்லை. சிங்கிள் காட், டபுள் காட், ஸ்டீல் காட் எல்லாம் பெரியவர்கள் படுப்பவை. மரம் அல்லது இரும்பாலான சட்டமும் காலும்தான் காட். மேலே போடுகிற மெத்தை அதில் சேராது. தமிழ் வீடுகளில் மெத்தையைத்தான் ‘பெட்’ என்கிறோம். “காட் வாங்கியாச்சு, பெட் இன்னும் வரலை” என்பது நமக்கு இயல்பான பேச்சு. இங்கிலாந்துக்காரர் காதில் அது, குழந்தைக்குக் கட்டில் வந்துவிட்டது, பெரியவர்களுக்கு வரவில்லை என்று விழும்.

2. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ‘காட்’ என்றால் கைக்குழந்தைக்கான கம்பித் தடுப்புக் கட்டில். ஏறத்தாழ இரண்டு வயது வரை அதில் படுக்க வைப்பார்கள். கம்பியைக் கழற்றிவிட்டுப் பிறகு சிறு கட்டிலாகப் பயன்படுத்தும்படி செய்தால் அதற்குப் பெயர் ‘காட் பெட்’. கையில் தூக்கிக்கொண்டு போகிற கூடை ‘கேரிகாட்’.

3. அமெரிக்காவில் ‘காட்’ என்றால் மடக்குக் கட்டில். கான்வாஸ் துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டியது. ராணுவக் கூடாரத்திலும், புயல் நிவாரண முகாமிலும் வரிசையாகப் போட்டிருப்பார்களே, அது. குழந்தைக் கட்டிலுக்கு அங்கே ‘க்ரிப்’ என்று பெயர். க்ரிப் என்பது பழைய ஆங்கிலத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. இயேசு பிறந்தவுடன் கிடத்தப்பட்ட முன்னணைக்கும் அதே சொல்தான்.

தமிழில் ‘தொட்டில்’ இருக்கிறதே என்று கேட்கலாம். தொட்டில் ஆடும்; அதற்கு ஆங்கிலத்தில் ‘க்ரேடில்’. பிரிட்டன்காரரின் காட் ஆடாது. தமிழ்நாட்டில் குழந்தை தொட்டிலில் தூங்கும், அதைவிட்டால் அம்மா பக்கத்தில் பாயில் தூங்கும். நடுவில் கம்பிபோட்ட இன்னொரு சாமான் நம் வீட்டில் இருந்ததில்லை, அதனால் அதற்கு ஒற்றைச் சொல்லும் வரவில்லை.

செய்தி மொழிபெயர்ப்பில் இது வெறும் வேடிக்கையாக நின்றுவிடாது. ‘காட் டெத்’ என்று ஒரு தொடர் உண்டு. அதைக் ‘கட்டில் மரணம்’ என்று எழுதினால், கட்டில் உடைந்து விழுந்து இறந்ததாகத் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். நலமாக இருந்த கைக்குழந்தை தூக்கத்தில், காரணம் தெரியாமல் இறந்துபோவதைத்தான் அது குறிக்கிறது. மருத்துவர்கள் 1969 முதல் ‘திடீர்ச் சிசு மரண நோய்க்குறி’ என்ற பெயரில் வகைப்படுத்துவது இதைத்தான். அமெரிக்க வழக்கில் ‘க்ரிப் டெத்’. குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரிட்டனில் 1991 இறுதியில் பெரிய பிரசாரம் நடந்தது. அதன்பின் இந்த இறப்புகள் பெருமளவு குறைந்தன. கட்டிலுக்கும் சாவுக்கும் அங்கே உள்ள உறவு, குழந்தை அதில் படுத்திருந்தது என்பது மட்டுமே.

வேறு ‘காட்’கள்

வேரைத் தேடுமுன் சில போலிகளை ஒதுக்கிவிட வேண்டும். பழைய ஆங்கிலத்திலேயே ‘காட்’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்குக் குடிசை என்று பொருள். ‘காட்டேஜ்’ அதிலிருந்து வந்தது. புறாக்கூண்டைக் குறிக்கும் ‘டவ்காட்’டிலும் அது இருக்கிறது. நம் கட்டிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘காட்டேஜ் என்பதே கட்டிலில் இருந்து வந்ததுதான்’ என்று பட்டியலை நீட்டுகிறவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் ‘காட் தீட்டா’, கோடேஞ்சென்ட்டின் சுருக்கம். தமிழ் எழுத்தில் எழுதினால் ஆங்கிலக் கடவுளும் இதே ‘காட்’தான். இந்தக் கட்டுரையில் அவருக்கு வேலை இல்லை.

ஆங்கிலத்துக்குள் எப்படி நுழைந்தது

கட்டில் என்ற பொருளில் ‘காட்’ ஆங்கில அச்சில் முதலில் கிடைப்பது 1634ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமஸ் ஹெர்பர்ட் என்ற பயணி பாரசீகம், இந்தியா எல்லாம் சுற்றிவிட்டு ஊர் திரும்பி எழுதிய பயண நூலில், வசதி உள்ளவர்கள் ‘காட்’களில் படுப்பதாகச் சொல்கிறார். உயரம் இரண்டடி, மேலே பாய்போல் பின்னியது அல்லது பட்டை நாடா கட்டியது என்று வர்ணனையும் தருகிறார். இன்று ஒரு நாடாக் கட்டிலைப் பார்த்து எழுதினாலும் அப்படித்தான் எழுதுவோம்.

அங்கிருந்து அது கப்பலேறியது. பிரிட்டிஷ் கடற்படையில் ‘காட்’ என்பது தொங்கும் படுக்கை. கான்வாஸ் துணியில் ஆழமற்ற பெட்டிபோல் தைத்து, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, இரு முனையிலும் கயிறு கட்டிக் கப்பலின் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். சாதாரண மாலுமிக்கு வெறும் துணி ஊஞ்சல். அதிகாரிக்கும் நோயாளிக்கும் காட். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவர் நேராகவே இருப்பார். நடக்க முடியாத நோயாளியைப் படுத்தபடியே தூக்கிப் போகவேண்டும் என்றால், அவரைக் ‘காட் கேஸ்’ என்று குறிக்கும் வழக்கம் ராணுவ மருத்துவமனைகளில் பின்னாளில் வந்தது.

தொங்குகிறது, ஆடுகிறது, விழாமலிருக்க விளிம்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் குழந்தையின் படுக்கைக்குத் தாவியதில் வியப்பில்லை. ஆட்டம் பிறகு நின்றுபோனது, விளிம்பு மட்டும் வளர்ந்து கம்பித் தடுப்பாயிற்று. அமெரிக்கரிடமோ கான்வாஸ் தங்கியது, தொங்கல் போனது. இந்தியாவில் கப்பல் ஏறாமலேயே இருந்த காட், 1634இல் எப்படி இருந்ததோ அப்படியே பெரியவர் படுக்கும் கட்டிலாக நின்றது. ஆகவே, நாம் பேசுவது தவறான ஆங்கிலம் என்று யாராவது சிரித்தால், மூன்றில் பழைய பொருள் நம்முடையதுதான் என்று சொல்லலாம்.

வடக்கா தெற்கா

இந்தியாவில் எந்த மொழிக்காரர் வாயிலிருந்து ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அகராதிகள் பொதுவாகச் சொல்லும் விடை இந்தி ‘காட்’. நம் எழுத்தில் வேறுபாடு தெரியாது. அங்கே முதல் எழுத்து மூச்சோடு வரும் அழுத்தமான ‘க’. ஆங்கிலேயருக்கு இது வசதி. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘க’வை அவர்கள் எப்போதுமே மூச்சோடுதான் சொல்வார்கள்.

ஆனால் 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் இருவரும் சேர்ந்து தொகுத்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். தெற்கை நன்றாக அறிந்தவர். இந்தச் சொல்லின் பிறப்பில் சிறு சிக்கல் இருக்கிறது என்றே அந்தப் பதிவு தொடங்குகிறது. தென்னிந்திய ஆங்கிலேயர் எல்லோரும் காட் என்கிறார்கள். வடக்கில் அந்த இடத்தை ‘சார்பாய்’ பிடித்துக்கொண்டது. அங்கே படைவீரர் குடியிருப்புகளில்தான் காட் மிஞ்சியிருக்கிறது. அப்படிப் படைவீரர் வாயில் நிற்கும் சொற்கள் பல தெற்கிலிருந்து போனவை என்று குறிப்பு வைக்கிறது. வடக்கே இந்திச் சொல், தெற்கே தமிழ் மலையாளக் கட்டில், இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம் என்று கதவைத் திறந்தே வைக்கிறது.

(சார்பாய் என்றால் நாலு கால். அதே வாய்ப்பாட்டில் மூன்று கால் மேசை ‘திபாய்’. ஆங்கிலேயர் வாயில் அது ‘டீப்பாய்’ ஆகி, டீ வைக்கிற மேசை என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, இன்று நம் வரவேற்பறைகளில் நாலு காலோடு நிற்கிறது.)

இங்கே என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டில் நேராக ஆங்கிலத்துக்குப் போயிருந்தால், அதன் வால் எங்கே? கட்டிலில் ‘இல்’ என்று ஓர் அசை இருக்கிறது. கட்டுமரத்தில் ஓர் அசையையும் கைவிடாதவர்கள், மிளகுத்தண்ணீரை முல்லிகடானி என்று முழுக்கவே விழுங்கியவர்கள், கட்டிலில் மட்டும் பின்பாதியை ஏன் விட்டுவிட வேண்டும்? ஆங்கிலேயர் எழுத்தில் கிடைக்கும் வடிவம் தொடக்கம் முதலே காட்தான், ‘இல்’ ஒட்டிய வடிவம் இல்லை என்பதை ஹாப்சன்-ஜாப்சனும் கவனித்திருக்கிறது. தென்னிந்தியாவில் சொல் ஊன்றி நிற்கக் கட்டில் கைகொடுத்திருக்கலாம். பெற்றது இந்திதான் என்று தோன்றுகிறது.

இந்திக்குக் கிடைத்தது எங்கிருந்து

இந்திச் சொல்லின் தாய் வடமொழியின் ‘கட்வா’. பாகதத்தில் (பிராகிருதத்தில்) ‘கட்டா’, இந்தியில் ‘காட்’. கையைக் குறிக்கும் ‘ஹஸ்த’ நடுவில் ‘ஹத்த’ ஆகி இந்தியில் ‘ஹாத்’ என்று நின்றதும் இதே தடத்தில்தான். நடுவிலுள்ள இரட்டை மெய் ஒன்றாகும்; முன்னால் உள்ள உயிர் நீளும்.

கட்வா பழைய சொல். பாணினியின் இலக்கணத்தில் அதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ‘கட்வாரூட’, அதாவது ‘கட்டிலில் ஏறியவன்’ என்பது ஒரு வசை. குருகுலத்தில் மாணவன் தரையில் படுக்க வேண்டும். படிப்பை முடித்து, குருவின் அனுமதி பெற்ற பிறகே கட்டில். அதற்கு முன்பே ஏறிப் படுத்தவன் ஒழுங்கு தவறியவன். கட்டிலைத் தொடாதவனைக்கூட, நெறி தவறினால் இப்படித் திட்டலாம் என்பதுதான் இலக்கணக்காரர்கள் சொல்லும் நயம்.

இந்தக் கட்வாவைத் திராவிட மொழிகளிலிருந்து வடமொழி வாங்கியது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ‘காட்’டின் வேரைச் சொல்லும் ஆங்கில அகராதிகளும் கடைசி வரியில் தமிழ்க் ‘கட்டில்’ஐ ஒப்புக் காட்டுவது அதனால்தான். காரணங்கள் இவை:

1. கிரேக்கம், இலத்தீன், பாரசீகம் போன்ற உறவுமொழிகளில் இதற்கு இணையான கட்டில் சொல் கிடையாது. வடமொழி தன் குடும்பத்திலிருந்து கொண்டுவந்த சொல்லாக இருந்தால் எங்காவது ஓர் ஒன்றுவிட்ட உறவாவது தென்பட்டிருக்க வேண்டும்.

2. நடுவில் நிற்கும் ‘ட’. நாக்கை மடித்துச் சொல்லும் இந்த ஒலி திராவிட மொழிகளில் பிறப்பிலிருந்தே இருப்பது. வடமொழியில் அது வருமிடங்கள் பலவற்றுக்கு அக்கம்பக்கத்து ஒலிகளால் காரணம் சொல்லிவிடலாம். கட்வாவில் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை.

3. திராவிடப் பக்கம் சொல் வேரூன்றி நிற்கிறது. தமிழில், மலையாளத்தில், துளுவில் கட்டில் உண்டு. (தெலுங்கும் கன்னடமும் அன்றாடப் பேச்சில் ‘மஞ்சம்’, ‘மஞ்ச’ என்கின்றன.)

மறுபக்கமும் உண்டு. திராவிட மொழிகளில் மூச்சொலி ‘க’ இல்லை. கட்வாவுக்கு அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். ‘இல்’ போய் ‘வா’ வந்ததற்கும் நேரான விதி கிடையாது. அகராதிகள் ‘திராவிடத்திலிருந்து’ என்று சொல்லிவிட்டுத் தமிழை ‘ஒப்பிடுக’ என்று மட்டும் எழுதுவதன் காரணம் இதுதான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடன் கொடுத்தது ஏதோ ஒரு பழைய திராவிட மொழி. அது தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டில் அந்தக் குடும்பத்தின் இன்றைய சாட்சி.

ஆக, காட் நம் கட்டிலுக்குப் பிள்ளை முறை ஆகாது. வேண்டுமானால் தூரத்து ஒன்றுவிட்ட தம்பி.

கட்டியதால் கட்டிலா

‘கட்டு’ என்ற வினையிலிருந்து கட்டில் என்பது தமிழில் எல்லோரும் சொல்லும் விளக்கம். கயிற்றுக் கட்டில் போடுவதைப் பார்த்தவருக்கு மறுக்கத் தோன்றாது. நாலு கால், கால்களின் துளையில் சொருகிய நாலு சட்டம், அவ்வளவுதான் மரவேலை. மீதி எல்லாம் கட்டுதான். தலைமாட்டிலிருந்து கயிறு குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பாய்போல் பின்னிக்கொண்டு வரும். கால்மாட்டுச் சட்டத்தை எட்டாமல் ஒரு முழத்துக்கு முன்னாலேயே பின்னல் நின்றுவிடும். அந்த இடைவெளியில் பின்னலையும் சட்டத்தையும் தனிக் கயிறு ஒன்று வளைத்து வளைத்துப் பிணைக்கும். நாள்பட்டு நடுவில் பள்ளம் விழுந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம். கால்மாட்டுக் கயிற்றை மட்டும் காலால் சட்டத்தை உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டினால் போதும்; கட்டில் மறுபடி விண்ணென்று நிற்கும்.

‘இல்’ என்பதை வீடு என்று பிரித்துக் ‘கட்டிய இல்லம்’ என்று சொல்வோர் உண்டு. தொட்டிலின் கடைசியிலும் அதே ‘இல்’ நிற்கிறது. அங்கே வீடு எதுவும் இல்லை.

சங்கப் பாட்டில் கட்டில் படுக்கையோடு நிற்கவில்லை. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு நீராடப் போயிருந்த நேரத்தில், அது வைக்கும் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார் மோசிகீரனார். வாளால் வெட்ட வேண்டிய குற்றம். மன்னன் பக்கத்தில் நின்று விசிறினான். புறநானூற்று 50ஆம் பாட்டு அந்த நன்றியில் பிறந்தது. 286ஆம் பாட்டில் ஔவையார் ‘கால்கழி கட்டில்’ என்கிறார்: கால் இல்லாத கட்டில், அதாவது பாடை. சிலம்பில் உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ‘அரைசு கட்டிலில் துஞ்சிய’ என்ற அடைமொழி. அங்கே கட்டில் அரியணை. ‘அரசு கட்டில் ஏறினார்’ என்று தேர்தல் முடிந்ததும் இன்றும் எழுதுகிறோம். தமிழில் கட்டிலேறினால் ஆட்சி. பாணினி ஊரில் கட்டிலேறினால் திட்டு.

வாலோடு போனவை

‘இல்’ சிதறாமல் வெளியூர் போன கட்டில்கள் உண்டு. வாட்ஸாப் பட்டியலில் அவை இடம்பெறுவதில்லை.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் சாமூத்திரி மன்னரைப் பார்க்கப் போனபோது மன்னர் ஒரு கட்டிலில் சாய்ந்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்து அதை எழுதிய போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ஜுவாவ் தெ பாரோஸ், அவர்கள் அதைக் ‘காத்லெ’ என்கிறார்கள் என்று சொல்லையும் சேர்த்தே பதிந்துவிட்டார். கேட்டது மலையாள வாயில். ‘ல்’ அப்படியே இருக்கிறது. போர்ச்சுகீசிய மொழியில் அது பிறகு ‘கத்ரெ’ என்று நிலைத்தது. அங்கிருந்து ஸ்பானிய மொழிக்குப் போனது. லத்தீன் அமெரிக்காவில் மடக்குக் கட்டிலுக்கு இன்றும் ‘காத்ரே’தான். ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸில் தகலாகு மொழி பேசுவோர் கட்டில் சட்டத்தைக் ‘காத்ரே’ என்கிறார்கள்.

கிழக்கே போனது இன்னும் நேரடி. மலாய் மொழியில் கட்டிலுக்குப் பெயர் ‘காத்தில்’. இது தமிழிலிருந்து போன சொல். கப்பல், கடை, பெட்டி என்று தமிழ் வணிகர்கள் கொண்டுபோன பல சொற்கள் அங்கே ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘பெத்தி’ என்று வழங்குவதுபோல் இதுவும். மலேசியாவில் ஒரு மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று மலாய் நாளிதழ் எழுதினால், எண்ணுவது காத்தில்களைத்தான். அதே மருத்துவமனையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசினால் எத்தனை ‘பெட்’ என்று கேட்போம்.